ஆற்றங்கரை மேட்டுக்கு ஜி.பி.ஆர். எடுப்பதா, காந்தமானி எடுப்பதா? ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

வணக்கம். தொல்லியலில் முதுகலை முடித்துவிட்டு ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். அகழாய்வில் ஓரளவு பழக்கம் உண்டு. ஆனால் தோண்டாமலே மண்ணுக்குள் பார்க்கும் புவி இயற்பியல் முறைகள் எனக்குப் பாடப்புத்தக அளவில்தான் தெரியும். அதனால் இங்கே கேட்கிறேன்.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றை ஒட்டிய மேடு, சுமார் 6 ஹெக்டேர். பல தலைமுறையாக உழுத நிலம் என்பதால் மேடு தேய்ந்து, சுற்றுநிலத்தைவிட ஓர் ஆள் உயரம்கூட இல்லை. மேற்பரப்பில் பானையோடு, உடைந்த சுட்ட செங்கல் எங்கும் கிடக்கிறது. தென்மேற்கு மூலையில் இரும்புக் கசடு நிறைய. மண் நல்ல களி. ஈரமாக இருந்தால் செருப்பில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். கிழக்கு ஓரத்தில் இரும்புக் கம்பி வேலி, அதற்கு அப்பால் ஒரு மின்கோபுரம். வடக்கே ஆறு கரையை அரித்திருக்கிறது.

ஆய்வுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில்தான் நிலத்தில் இறங்க முடியும். குழுவில் பெரும்பாலோர் தரை ஊடுருவும் ராடாரை (அதாவது ஜி.பி.ஆர்.) வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள். அது ஆழத்தையும் காட்டும், பார்ப்பவர்களுக்கும் எளிதில் புரியும் என்பது அவர்கள் வாதம். எனக்குக் களிமண்ணை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எடுத்துச் சொல்லக் காரணம் தெரியவில்லை. நேரில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். எந்தக் கருவி? கருவியோடு நடக்கும் வரிசைகளுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்?


கடப்பாரை எழுதியது:

கருவிக்கான பணத்தில் இரண்டு சோதனைக் குழி போட்டுவிடலாமே. கையில் கிடைக்கும் பானையோட்டைவிட உறுதியான சான்று எதுவும் இல்லை. கருவி தரும் படத்தில் தெரியும் கறுப்புக் கோடுகளை ஆளுக்கு ஒரு விதமாகப் படிக்கிறார்கள்.


மண்வாசகி எழுதியது:

கடப்பாரை சொல்வதில் பாதி சரி. படத்தை ஆளுக்கு ஒரு விதமாகப் படிக்கும் ஆபத்து உண்மையில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் 6 ஹெக்டேர் என்பது 60,000 சதுர மீட்டர். ஐந்துக்கு ஐந்து மீட்டரில் இரண்டு குழி போட்டால் 50 சதுர மீட்டர், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழியில் ஒன்றும் வராவிட்டால் மேடே வெறும் மேடு என்று எழுதிவிடுவார்கள். வந்துவிட்டாலோ, அந்தச் சுவர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமல் முழிப்போம். அதோடு, தோண்டிய இடத்தை யாராலும் திரும்பத் தோண்ட முடியாது. எங்கே தோண்டுவது என்று தெரிந்துகொண்டு தோண்டுவது அந்த மண்ணுக்கு நாம் கொடுக்கும் குறைந்தபட்ச மரியாதை என்று நினைக்கிறேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கருவியின் பெயரைச் சற்று ஓரமாக வையுங்கள். புதைந்திருப்பது எது, அது சுற்றியுள்ள மண்ணிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறது? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எந்தக் கருவியாலும் சுவரைப் பார்க்க முடியாது. சுவருக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும்தான் அது அளக்கிறது. வேறுபாடு இல்லையென்றால் சுவர் முழுசாக நின்றாலும் படம் வெறுமையாகத்தான் வரும்.

உங்கள் மேட்டில் சுட்ட செங்கல் இருக்கிறது, கசடு இருக்கிறது, மண் களி. இந்த மூன்றையும் கேட்டதும், மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானியைத்தான் நான் எடுப்பேன், அதிலும் இரண்டு உணரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஃப்ளக்ஸ்கேட் கிரேடியோமீட்டரை. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், குழுவில் பேச உங்களுக்கு உதவும்.

ஏறக்குறைய எல்லாக் களிமண்ணிலும் இரும்பு ஆக்சைடு உண்டு. சூளையிலோ அடுப்பிலோ அது 600, 700 டிகிரிக்கு மேல் சூடாகிக் குளிரும்போது, அப்போதைய புவிகாந்தப் புலத்தின் திசையைத் தனக்குள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கிறது. அதனால் இடம் மாறாமல் கிடக்கும் சூளை ஒரு காந்தம்போல நடந்துகொள்ளும். 1958இல் இங்கிலாந்தில் வாட்டர் நியூட்டன் என்ற இடத்தில் மார்ட்டின் எய்ட்கன் புரோட்டான் காந்தமானியோடு இறங்கியபோது ரோமானியச் சூளைதான் அகப்பட்டது. உக்ரைனில் நெபெலிவ்கா போன்ற, ஆறாயிரம் ஆண்டு பழைய பெருங்குடியிருப்புகளின் தெருவும் வீடும் இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததற்கும் இதுதான் காரணம். அந்த வீடுகள் எரிந்தவை. எரிந்த மண்சுவர்கள் காந்தப் படத்தில் ஒவ்வொரு வீடாகப் பளிச்சென்று தெரிகின்றன.

எரியாத குழியும் அகழியும்கூடத் தெரியும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மனிதர்கள் வாழ்ந்த இடத்தின் மேல்மண்ணுக்கு அடிமண்ணைவிடக் காந்த ஏற்புத்திறன் (காந்தப் புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) கூடுதல். மீண்டும் மீண்டும் தீ மூட்டியதும், கரிமப்பொருள் மட்கியதும், சிவந்த ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடைக் காந்தத் தன்மை மிகுந்த மேக்னடைட்டாகவும் மேக்ஹெமைட்டாகவும் மாற்றிவிடுகின்றன. பிரான்சில் லெ போர்ன் 1950களிலேயே இதைக் காட்டிவிட்டார். மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் தங்கள் உடலுக்குள்ளேயே மேக்னடைட் துகள்களை உருவாக்குகின்றன என்று ஃபாஸ்பிண்டரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1990இல் வெளியிட்டார்கள். ஆக, யாரோ வெட்டிய அகழியில் காலப்போக்கில் அந்த மேல்மண் சரிந்து நிரம்பினால், அந்த அகழி சுற்றுமண்ணைவிடச் சற்றே கூடுதல் காந்தத்தோடு கிடக்கும். மேலே நின்று பார்த்தால் ஒரு தடயமும் இருக்காது, கருவி மட்டும் சொல்லும்.

எவ்வளவு 'சற்றே'? பூமியின் காந்தப் புலம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). ஒரு குழி அதில் ஏற்படுத்தும் மாற்றம் சில நானோடெஸ்லாதான். சூளையென்றால் நூற்றுக்கணக்கில் போகும். பகலில் பூமியின் புலமே பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும். அதனால்தான் இரண்டு உணரிகள். இரண்டுக்கும் பொதுவான ஏற்ற இறக்கம் கழிந்துபோய், காலடியில் இருப்பதால் வரும் வேறுபாடு மட்டும் நிற்கும்.

செங்கல் சுவரிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு செங்கலும் சூளையில் காந்தம் ஏற்றுக்கொண்டதுதான். ஆனால் கட்டும்போது ஆளுக்கு ஒரு பக்கம் திருப்பி வைத்துவிடுகிறார்கள். ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஓரளவு அழித்துவிடும். ஆகவே செங்கல் சுவர் சீரான கோடாக வராமல் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிபுள்ளியாக நீளும். சுண்ணாம்புக்கல் சுவராக இருந்தால் நேர்மாறு. சுற்றியுள்ள மண்ணைவிடக் காந்தம் குறைவு என்பதால் மங்கிய எதிர்மறைக் கோடாகத் தெரியும்.

வேலி, மின்கோபுரம் பற்றி. கம்பியில் ஓடும் மின்சாரத்தைவிடக் கோபுரத்தின் இரும்புதான் தொல்லை. வேலியிலிருந்து சில மீட்டர் தள்ளித்தான் பயனுள்ள அளவு கிடைக்கும். அந்தக் கிழக்குப் பட்டையை இப்போதே வரைபடத்தில் கழித்துவிடுங்கள். பிறகு அங்கே 'ஒன்றும் இல்லை' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. கசடு மூலையைத் தனியாக நினையுங்கள். உழவில் சிதறிய கசடு அங்கே படம் முழுக்க இரைச்சலாகத்தான் வரும். ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே உலை இருந்த இடம் பெரிய, ஆழமான ஒற்றை மாறுபாடாக நின்றுகொண்டிருக்கும். அதைத் தேடுங்கள்.

வரிசை இடைவெளி 1 மீட்டர் என்பது பலரும் பின்பற்றும் அளவு, வரிசைக்குள் கால் மீட்டருக்கு ஓர் அளவு அல்லது அதைவிட நெருக்கம். முழு மேட்டையும் அப்படி நடந்துவிட்டு, உலை மூலையையும் சந்தேகமான இடங்களையும் அரை மீட்டர் இடைவெளியில் மறுபடி நடங்கள். இரட்டை உணரியைக் கையில் தூக்கி நடக்கும் ஒருவர் நாளுக்கு ஒன்றிரண்டு ஹெக்டேர் முடிக்கலாம். அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில் உங்களுக்குக் கிடைக்கும் நாட்களுக்குள் இது அடங்கும். உணரியைத் தரையிலிருந்து இருபது முப்பது சென்டிமீட்டருக்கு மேல் தூக்காதீர்கள். சிறு பொருளின் காந்த விளைவு தூரத்தின் முப்படியில் குறைகிறது. தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெடித்த களியில் கால் இடறும், அப்போது கை தானாக உயரும், கவனம்.

வரிசைகளை உழவுச் சாலுக்கு இணையாகப் போடாதீர்கள். மேற்பரப்பில் ஏதாவது சுவர் திசை தெரிந்தால் அதற்கும் இணையாக வேண்டாம், சற்றுச் சாய்வாகப் போடுங்கள். காரணம் பிறகு கணினியில் தெரியும். வரிசைக்கு வரிசை வரும் பட்டைகளை நீக்க ஒவ்வொரு வரிசையின் சராசரியையும் சுழியாக்குவார்கள். வரிசையோடு ஒத்து ஓடும் அகழி இருந்தால் அந்த ஒரு கட்டளையிலேயே அதுவும் அழிந்துபோகும். படம் அழகாக இருக்கும், அகழி இருக்காது.

இன்னொன்று, இதை வெப்பமண்டலத்தில் வேலை செய்பவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். புத்தகங்களில் உள்ள மாதிரிப் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எடுத்தவை. அங்கே புலம் செங்குத்துக்கு நெருக்கமாக இறங்குகிறது, அகழி எந்தத் திசையில் ஓடினாலும் தெரியும். காந்த நடுக்கோட்டுக்கு அருகே புலம் ஏறக்குறைய கிடையாக, வடக்கு நோக்கி ஓடுகிறது. அங்கே வடக்கு தெற்காக நீளும் அகழியின் நடுப்பகுதி கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும், இரு முனைகள் மட்டும் தெரியும். கிழக்கு மேற்காக ஓடுவது நன்றாகத் தெரியும். படத்தில் கிழக்கு மேற்குக் கோடுகள் மட்டும் இருந்தால் 'ஊரே அந்தத் திசையில் கட்டியிருக்கிறார்கள்' என்று எழுதும் முன் உங்கள் இடத்தின் காந்தச் சாய்வு (புலம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) எத்தனை டிகிரி என்று பாருங்கள்.

நடப்பவரிடம் இரும்பு கூடாது. பெல்ட், ஜிப், சாவி, கைபேசி எல்லாருக்கும் நினைவுக்கு வரும். காலணியில் கயிறு கோக்கும் உலோக வளையம், கண்ணாடிச் சட்டத்தின் திருகு, பெண்களாக இருந்தால் உள்ளாடையின் கொக்கியும் கம்பியும், இவைதான் மறந்துபோகும். கருவியை ஓர் இடத்தில் நிறுத்தி, நடக்கப்போகிறவர் அதைச் சுற்றி வரட்டும். எண் அசைந்தால் அவர் நடக்க வேண்டாம், அல்லது உடை மாற்றிக்கொண்டு வரட்டும்.


அலைநீளம் எழுதியது:

நான் பல வருடமாக ஜி.பி.ஆர். ஓட்டுபவன். இருந்தும் இந்த மேட்டுக்கு முதல் கருவி காந்தமானி என்றுதான் நானும் சொல்வேன். மண்வாசகி அக்கா களியைப் பற்றி ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன்.

ராடார் அலை மண்ணுக்குள் போகும்போது மண் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு வேகமாகச் செத்துவிடுகிறது. உலர்ந்த மணலில் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா இரண்டு மீட்டர் ஆழம் வரை தாராளமாகப் பார்க்கும். ஈரக்களியில் அரை மீட்டருக்குக் கீழே நம்பகமான எதிரொலி வராமலே போகலாம். உப்பேறிய மண் என்றால் இன்னும் மோசம். பல்லாயிரக்கணக்கான அளவுகள் திரையில் ஓடும், வண்ணமும் இருக்கும், அத்தனையும் கருவியின் சொந்த இரைச்சல்.

ஆழம் காட்டும் என்பதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ராடார் அளப்பது நேரம், ஆழத்தை நாம்தான் கணக்கிடுகிறோம். மிதமான ஈரமுள்ள மண்ணில் அலை நானோவிநாடிக்கு 10 சென்டிமீட்டர் போனால், 20 நானோவிநாடியில் போய்த் திரும்பும் எதிரொலி ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ளது. அதே 20 நானோவிநாடி, நன்றாக நனைந்த மண்ணில் வேகம் 6 சென்டிமீட்டராகக் குறைந்துவிட்டால், வெறும் 60 சென்டிமீட்டர் ஆழம். மழைக்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் ஒரே வேகம் போட்டு ஒட்டினால் ஒரே தளம் இரண்டு தளமாகத் தெரியும். கல், குழாய் போன்றவை தரும் வளைவின் வடிவத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுங்கள். தெரிந்த ஆழத்தில் ஏதாவது ஒன்று இருந்தால் அதை வைத்துச் சரிபார்ப்பது இன்னும் நல்லது.

இடம் பொருந்திவிட்டால் ராடார் தருவதை வேறு எதுவும் தராது. இத்தாலியில் ஃபலேரி நோவி என்ற ரோமானிய நகரத்தைப் பாருங்கள். 1990களின் கடைசியில் கிரேடியோமீட்டரோடு நடந்து தெருவமைப்பை எடுத்துவிட்டார்கள். பிறகு கேம்பிரிட்ஜும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து மதிலுக்குள் இருக்கும் 30.5 ஹெக்டேரையும் வாகனத்தில் இழுத்த ராடார் வரிசையால் அளந்து 2020இல் வெளியிட்டார்கள். கோவில், சந்தை, குளியல் மாளிகை, கட்டடங்களுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்கூடத் தெரிந்தது. முதலில் காந்தம், பிறகு ராடார் என்ற வரிசையைக் குழுவுக்குக் காட்டுங்கள். ஃபலேரி நோவியில் ராடார் வரிசைகளுக்கு விட்ட இடைவெளி 12.5 சென்டிமீட்டர். 400 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சாதாரண மண்ணில் சுமார் 25 சென்டிமீட்டர்தான். பணம் மிச்சம் பிடிக்க ஒரு மீட்டர் இடைவெளியில் ராடாரை ஓட்டினால், இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சுவரே முழுசாக ஒளிந்துகொள்ளும்.

கடைசியாக, கடப்பாரை சொன்ன 'ஆளுக்கு ஒரு விதம்'. இங்கிலாந்தில் டரிங்டன் வால்ஸ் என்ற கற்கால வட்ட அமைப்பின் கரைமேட்டுக்கு அடியில் 90 வரை பெருங்கற்கள் புதைந்து கிடக்கின்றன என்று 2015இல் ராடார் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. 2016இல் தோண்டினால் கல் ஒன்றும் இல்லை. மரத்தூண்கள் நட்டு, பிடுங்கி, சுண்ணக்கல் உடைசலால் நிரப்பிய குழிகள்! மாறுபாடு இருந்தது உண்மை, அது இருந்த இடமும் சரி, அது என்ன என்பதுதான் தவறு. துட்டன்காமுன் கல்லறைச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருப்பதாக ஒரு ராடார் ஆய்வு சொன்னதும் அப்படித்தான். 2018இல் டூரின் பலதொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு விரிவாக அளந்துவிட்டு அறை எதுவும் இல்லை என்று முடித்தது.


கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. குழுவில் இதை அப்படியே காட்டப்போகிறேன். இன்னும் சில சந்தேகம் இருக்கிறது அக்கா. கருவியை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே இந்த மண்ணில் காந்தம் வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்க வழி உண்டா? மின்தடை முறையை (மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது) நீங்கள் யாரும் சொல்லவே இல்லையே, அது இப்போது வழக்கில் இல்லையா? அப்புறம், நிதி தருபவர்கள் முடிவில் 'புதைந்த நகரத்தின் வரைபடம்' வேண்டும் என்கிறார்கள். அதை எப்படிக் கையாள்வது?


மண்வாசகி எழுதியது:

சோதிக்க வழி உண்டு, அதுவும் உங்களுக்கு ஆறே செய்து கொடுத்திருக்கிறது. வடக்கில் ஆறு அரித்த கரை என்று சொன்னீர்களே, அது இலவசமாகக் கிடைத்த வெட்டுமுகம். முதல் வேலையாக அங்கே போய் நில்லுங்கள். பண்பாட்டு மண் (மனிதர் வாழ்ந்த தடயமுள்ள மண்) எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது, மேலே வண்டல் மூடியிருக்கிறதா, அடியில் மனிதர் கை படாத கன்னிமண் எந்த நிறம் என்று பாருங்கள். கரையைச் சுரண்ட வேண்டாம். உதிர்ந்து கிடப்பதிலிருந்தும் வயலில் இருந்தும் மேல்மண், நிரப்பு மண், கன்னிமண் என்று தனித்தனியாகக் கையளவு எடுத்துக் காந்த ஏற்புத்திறன் அளந்து பாருங்கள். கையடக்க மீட்டர் போதும், நிலவியல் துறை உள்ள கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். மேல்மண் கன்னிமண்ணைவிடப் பல மடங்கு காட்டினால் அகழியும் குழியும் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அகழிகளை நம்பாதீர்கள். அப்போதும் சூளையும் உலையும் தெரியும், அவற்றின் காந்தம் சூட்டில் பூட்டியது.

வண்டல் மூடியிருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு மேல் வண்டல் இருந்தால் சாதாரணக் கிரேடியோமீட்டருக்குக் குழிகள் எட்டாது. தென் இத்தாலியில் சிபாரிஸ் நகரம் பல மீட்டர் வண்டலுக்கு அடியில் கிடந்தது. 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் எலிசபெத் ரால்ஃபும் இத்தாலியின் லெரிச்சி அறக்கட்டளையும் அதைத் தேடியபோது, அந்த ஆழத்துக்காக அதைவிட நுண்மையான சீசியம் காந்தமானி வரை போக வேண்டியிருந்தது. சந்தேகமான இடங்களைத் துளையிட்டுத்தான் சரிபார்த்தார்கள்.

மின்தடை முறை நன்றாகவே வழக்கில் இருக்கிறது. தொல்லியலில் இந்தத் துறை தொடங்கியதே அதில்தான் என்று சொல்லலாம், 1946இல் ரிச்சர்ட் அட்கின்சன் இங்கிலாந்தின் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸில் செய்தது. கல் அடித்தளம் மின்சாரத்தைத் தடுக்கும், ஈரம் தேங்கிய அகழி எளிதாக விடும். அரை மீட்டர் இடைவெளி மின்முனைகள் ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் ஆழம் வரையுள்ளதை உணரும். ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் முனையை மண்ணில் குத்த வேண்டும், காந்தமானியின் வேகத்தில் பாதிகூட வராது. வெடித்த களியில் முனைக்குத் தொடர்பும் சரியாகக் கிடைக்காது. பருவமும் பார்க்க வேண்டும், நல்ல மழைக்குப் பிறகு எல்லாம் ஒரே ஈரமாகி வேறுபாடு மறைந்துவிடும், சில வேளை தலைகீழாகவும் மாறிவிடும். காந்தப் படத்தில் கட்டடம் என்று சந்தேகப்படும் ஓரிரண்டு கட்டங்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். கல், செங்கல் அடித்தளத்துக்கு இந்தக் களியில் ராடாரைவிட இதை நம்புவேன். அலைநீளம் தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

நிதி தருபவர்கள் விஷயம். 'புதைந்த நகரத்தின் வரைபடம்' என்று ஒப்பந்தத்தில் எழுதவே விடாதீர்கள், 'காந்த மாறுபாடுகளின் வரைபடமும் அவற்றுக்கான விளக்கமும்' என்று எழுதச் சொல்லுங்கள். சொல் மாறினால் எதிர்பார்ப்பும் மாறும் என்பதற்காகச் சொல்லவில்லை, பின்னால் உங்களை அவசரப்படுத்த அவர்களுக்கு அடிப்படை இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். துருக்கியின் ட்ராயில் 1992இல் ஹெல்முட் பெக்கரும் ஃபாஸ்பிண்டரும் கோட்டைக்குத் தெற்கே காந்தப் படத்தில் நீண்ட கோடு ஒன்றைக் கண்டார்கள். கீழ்நகரின் எரிந்த மதில் என்று கருதப்பட்டது. அடுத்த வருடம் தோண்டினால் அது பாறையில் வெட்டிய அகழி. அவர்களைவிட அனுபவமுள்ளவர்கள் அப்போது உலகத்தில் அதிகம் இல்லை. இருந்தும் அந்தக் கோடு தெரிந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கும் வரை விடவில்லை, அதனால்தான் ட்ராயின் கீழ்நகரம் எவ்வளவு பெரியது என்ற விவாதத்துக்கே புதிய சான்று கிடைத்தது. நான் மதிப்பது இதைத்தான்.

அதனால் அறிக்கையில் மூன்று படம் கொடுங்கள். திருத்தாத மூல அளவுகள் ஒன்று, திருத்தியது ஒன்று, உங்கள் விளக்கக் கோடுகள் ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் எவ்வளவு நம்பிக்கை என்று எழுதுங்கள். வெறுமையான இடத்துக்கு 'மாறுபாடு எதுவும் அளக்கப்படவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். குறிப்பாகப் புதைகுழிகள். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூடினால் எந்தக் கருவிக்கும் அவை பெரும்பாலும் தெரியாது. படம் வெறுமையாக இருக்கிறது என்று யாராவது அங்கே பொக்லைன் இறக்கினால் அதற்கு நம் அறிக்கை சாட்சியாகிவிடக் கூடாது.

முக்கியமான ஐந்தாறு மாறுபாடுகளைக் கைத்துளைக்கருவியால் துளைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அகழி நிரப்பா, சாம்பலா, சுட்ட மண்ணா என்று அந்த மெல்லிய மண்கோல் சொல்லிவிடும். கடப்பாரை விரும்பிய சான்றும் கிடைக்கும், மேட்டுக்கும் சேதம் இல்லை. மாறுபாடே இல்லாத இடத்திலும் ஒன்றிரண்டு துளை போடுங்கள், ஒப்பிட அது வேண்டும்.

இடத்தின் துல்லியமான ஆயங்களைப் பொது அறிக்கையில் போடாதீர்கள். நல்ல காந்தப் படம் புதையல் தேடுபவர்களுக்கு வழிகாட்டியாகவும் ஆகும். இரவோடு இரவாகத் தோண்டிய மேடுகளைப் பார்த்திருக்கிறேன், அதன் பிறகு அங்கே எந்த ஆய்வுக்கும் பொருளில்லை. முழுத் தரவையும் அனுமதி தந்த துறையிடம் ஒப்படையுங்கள், மூல எண்களோடு, எந்தக் கருவி, எந்த உயரம், எந்தத் திசை என்ற குறிப்போடு. இருபது வருடம் கழித்து வேறொருவர் அதே எண்களிலிருந்து நாம் காணாததைக் காணலாம்.

மென்பொருளுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். காந்தம், மின்தடை இரண்டுக்கும் ஸ்னஃப்ளர் என்ற இலவச நிரல் போதும், முடிவைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நில வரைபடத்தோடு பொருத்திக்கொள்ளலாம். கட்டங்களின் மூலைகளை மட்டும் சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஜி.பி.எஸ்ஸால் குறியுங்கள், பிறகு துளை போடும்போது அரை மீட்டர் தள்ளிப் போய்விட்டால் அகழியின் விளிம்பே தப்பிவிடும்.

ஆற்றங்கரை வெட்டுமுகத்தின் படமும் ஏற்புத்திறன் எண்களும் கிடைத்ததும் இங்கே போடுங்கள். வண்டலின் தடிமன் தெரிந்தால் கிரேடியோமீட்டரின் உணரி இடைவெளி அரை மீட்டரா, ஒரு மீட்டரா என்று சொல்லிவிடுவேன். அதுவரை எந்தக் கருவிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.